போர்ட்ஃபோலியோவுக்கு எதை எடுப்பது: தெருவா, திருவிழாவா, கல்யாணமா, பறவையா, பக்கத்துத் தெருவா?

விஸ்காம் (விஷுவல் கம்யூனிகேஷன்) மூன்றாம் ஆண்டில் கால் வைத்ததும் மாணவர்களைப் பிடிக்கிற கவலை இது: "எனக்குன்னு ஒரு ஸ்டைல் எப்படி சார் வரும்?" அதன் வாலைப் பிடித்துக்கொண்டு இன்னொன்று வரும்: கடைசி செமஸ்டரில் காட்ட வேண்டிய படத்தொகுப்புக்கு, அதாவது போர்ட்ஃபோலியோவுக்கு, எந்தப் பக்கம் போவது? முதல் கேள்வி பிடிக்கப் பிடிக்க நழுவும். இரண்டாவதை முடிவு செய்துவிட்டால் முதலாவதும் பாதி கைக்கு வந்துவிடும். அதனால் இங்கே இரண்டாவதைத்தான் பேசப்போகிறேன்.

நிலவரம் இப்படி என்று வைத்துக்கொள்வோம். சென்னையில் படிக்கிறவர். கையில் ஒரு கிராப் சென்சார் (ஃபிலிம் அளவைவிடச் சிறிய சென்சார்) கேமரா பாடி, அதோடு பெட்டியில் வந்த 18-55 எம்.எம். கிட் லென்ஸ். இருப்பது ஆறு மாதம், அதிலும் வார நாள் முழுக்க வகுப்பு. பஸ் காசு பார்த்துச் செலவழிக்க வேண்டும். போனைத் திறந்தால் ஒருவர் புலி போடுகிறார், ஒருவர் மணப்பெண் போடுகிறார், இன்னொருவர் மழையில் நனைகிற ரிக்ஷாவைக் கறுப்பு வெள்ளையில் போடுகிறார். மூன்றும் நன்றாகத்தான் இருக்கின்றன. மூன்றையும் செய்துவிடலாம் என்றும் தோன்றுகிறது.

முடிந்த படங்களை வைத்து ஒப்பிட்டால் எந்தக் காலத்திலும் முடிவுக்கு வர முடியாது. எல்லா வகையிலும் அசத்தலான படங்கள் இருக்கின்றன. நான் ஒப்பிடச் சொல்வது வேறு ஒன்றை. ஒவ்வொரு வகையிலும் படமே எடுக்காத நேரம் என்று ஒன்று உண்டு, மொத்த வேலையில் பெரும்பகுதி அதுதான். தெருவில் அது வெறுங்கையோடு வீடு திரும்புவது. கல்யாணத்தில் ஆயிரக்கணக்கான ஃபைல்களை உட்கார்ந்து கழிப்பது. பறவை எடுக்கிறவருக்கு வெயிலில் அசையாமல் இருப்பது. ஒரு குடும்பத்தையோ தொழிலையோ தொடர்ந்து எடுப்பவருக்குக் கேமராவை மடியில் வைத்துக்கொண்டு டீ குடித்தபடி ஊர்க்கதை கேட்பது. எந்தச் சலிப்பு உங்களுக்குத் தாங்குமோ அந்த வேலைக்குத்தான் நீங்கள் திரும்பத் திரும்பப் போவீர்கள்.

தெரு

எல்லோரும் முதலில் இறங்குவது தெருவில்தான். செலவு கிடையாது, யாரிடமும் நாள் குறிக்க வேண்டாம், கிட் லென்ஸே போதும். லென்ஸை 23 எம்.எம். பக்கம் வைத்து, அப்பர்ச்சர் எஃப் 8, ஷட்டர் 1/250 நொடி, ஆட்டோ ஐ.எஸ்.ஓ. போட்டுவிட்டு, இரண்டரை மீட்டர் தள்ளி இருக்கிற ஏதாவது ஒன்றில் ஃபோகஸ் பிடித்து மேனுவலுக்கு மாற்றிவிடுங்கள். ஏறத்தாழ ஒன்றரை மீட்டரிலிருந்து பத்து மீட்டர் வரை எல்லாம் தெளிவாக விழும். அதன்பின் ஃபோகஸ் என்ற ஒன்றை மறந்துவிட்டு மனிதர்களைப் பார்த்து நடக்கலாம். கண்ணையும் காலையும் பழக்க இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியாது.

ஆனால் போர்ட்ஃபோலியோவாக? சென்னை மாணவர்களின் ஹார்ட் டிஸ்க்கைத் திறந்தால் பாரிமுனை, சௌகார்பேட்டை, திருவல்லிக்கேணி, கோயம்பேடு பூ மார்க்கெட், காசிமேடு என்று வரிசை மாறாமல் வரும். தனித்தனியாகப் பார்த்தால் சில படங்கள் நன்றாகவே இருக்கும். இருபதைச் சேர்த்து வைத்தால் எடுத்தவர் யார் என்று சொல்லத் தெரியாது. பிளாட்ஃபாரத்தில் தூங்குகிறவரை எடுத்த படம் ஒன்று கட்டாயம் இருக்கும். அதை நீக்கச் சொன்னால் முகம் வாடிவிடும்.

தெருப்படம் என்றதும் எல்லோரும் இழுக்கிற பெயர் பிரெஞ்சுப் போட்டோகிராபர் ஆன்றி கார்த்தியே பிரெஸ்ஸோன். லைக்கா கேமராவும் 50 எம்.எம். லென்ஸுமாக அலைந்தவர் என்ற சித்திரம் பதிந்துபோயிருக்கிறது. காந்தி சுடப்பட்ட 1948 ஜனவரி 30 அன்று, அதற்குச் சற்று முன்புதான் அவரைச் சந்தித்துப் படம் எடுத்துவிட்டு வந்திருந்தார். 1950 ஏப்ரலில் ரமண மகரிஷி மறைந்தபோது திருவண்ணாமலையில் இருந்தார். தற்செயலாக அந்த வழியே நடந்து போனவருக்குக் கிடைக்கிற படங்களா இவை? ஒரு நாட்டில் வந்து தங்கி, என்ன நடக்கிறது என்று விடாமல் பார்த்துக்கொண்டிருந்தவருக்குக் கிடைத்தவை.

தெருவில் சுற்றுவதை நிறுத்த வேண்டாம். வாரம் ஒரு காலை அதற்கு ஒதுக்கலாம். போர்ட்ஃபோலியோவை மட்டும் அதை நம்பி வைக்காதீர்கள்.

திருவிழா

குலசேகரன்பட்டினம் தசரா, மயானக் கொள்ளை, கூவாகம், அலங்காநல்லூர். போட்டோகிராபி கிளப்காரர்கள் வேன் பிடித்துப் போகிறார்கள், மாணவர்களும் தொற்றிக்கொள்கிறார்கள். வண்ணம் தானாக வந்து கொட்டும். வேஷம் கட்டிய காளி எதிரே வந்து நின்றால் யார் எடுத்தாலும் படம் விழும், அதுதான் இதன் கோளாறு. அதே காளியை, அதே நிமிடத்தில், உங்கள் தோளை இடித்துக்கொண்டு நாற்பது பேர் எடுத்திருப்பார்கள். கூவாகத்தில் தாலி அறுக்கிற காலையில் ஒப்பாரி வைத்து அழுகிறவரின் முகத்துக்கு ஒரு முழம் தள்ளி வைட் லென்ஸை நீட்டுவதைப் பார்க்கவே கூசுகிறது. வருஷத்தில் ஒரு நாள் வந்துபோகும் விருந்தாளிக்கு அந்த மனிதர்களின் மீதி முந்நூற்று அறுபத்து நாலு நாள் தெரிய வழியே இல்லை. உங்கள் சொந்த ஊர்த் திருவிழா என்றால் வேறு கதை. அங்கே வேஷம் கட்டுகிறவர் உங்கள் மாமாவாக இருக்கலாம், அவர் விரதம் தொடங்கும் நாளிலிருந்தே எடுக்கலாம். மற்றபடி, வேன் வாடகை மிச்சம்.

கல்யாணம்

கல்யாண வேலைக்குப் போனால் கை கெட்டுவிடும் என்று கல்லூரி வராந்தாவில் ஒரு பேச்சு உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. மண்டபத்தில் ஒரு சீசனில் கற்பதை ஸ்டூடியோ வகுப்பில் மூன்று வருஷம் உட்கார்ந்தாலும் கற்க முடியாது.

முகூர்த்த நேரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்ததும் கெட்டிமேளம் தொடங்கும். அதுவரை நாற்காலியில் இருந்த கூட்டம் எழுந்து நிற்கும். அட்சதை பறக்கும், தூக்கிய கைகள் ஃப்ரேமை மறைக்கும், வீடியோக்காரரின் லைட் மணப்பெண்ணின் நெற்றியில் வெள்ளையாக அடிக்கும். முதல் முடிச்சு மாப்பிள்ளை போட, மீதியை நாத்தனார் போடுகிற வீடுகளில் வேலை முழுக்கப் பெண்ணின் பின்கழுத்தில் நடக்கிறது. மேடைக்கு முன்னால் முட்டிமோதுகிற எந்தக் கேமராவுக்கும் அது தெரியாது. முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொண்டு பின்னால் போய் நின்ற செகண்ட் ஷூட்டருக்குத்தான் (மெயின் போட்டோகிராபரோடு போகிற இரண்டாவது ஆள்), மாலையையும் ஜடையையும் ஒதுக்கிப் பிடித்த ஒரு கையும், பதற்றத்தில் முடிச்சு விழாமல் தவிக்கிற விரல்களும், மஞ்சள் கயிறும் கிடைக்கும். எல்லாம் சேர்ந்து அரை நிமிடம் இருக்குமா? ரீடேக் கேட்க முடியாது. எங்கே நிற்பது என்பதை ஒருவர் இங்கே கற்றுக்கொண்டால் வாழ்நாளுக்கும் போதும்.

பிரச்சினை வேறிடத்தில் இருக்கிறது. கல்யாணத்தில் ரசனை வாடிக்கையாளருடையது. தோல் வெளுப்பாக வர வேண்டும், பின்னணி கரைய வேண்டும், அவுட்டோரில் ஸ்மோக் வேண்டும் என்பார்கள். பணம் கொடுப்பவர் கேட்பதில் தவறில்லை. ஆனால் இருபது வயதில் அதையே செய்துகொண்டிருந்தால், கொஞ்ச நாளில் உங்கள் தனி வேலையிலும் நீங்கள் அறியாமலே தோலை வெளுக்க ஆரம்பித்துவிடுவீர்கள்.

என் யோசனை, கல்யாணத்தைச் சம்பாத்தியமாக வைத்துக்கொள்ளுங்கள். ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் இருக்காது, புரட்டாசியிலும் பல வீடுகளில் வைக்க மாட்டார்கள். தொழிலில் இருப்பவர்கள் கைகட்டி உட்கார்ந்திருக்கிற இந்த மாதங்கள்தான் மாணவருக்கு லாபம், சொந்த வேலைக்கு அப்படியே கிடைக்கின்றன. போகுமுன் மெயின் போட்டோகிராபரிடம் ஒன்றைப் பேசி வைத்துக்கொள்ள வேண்டும்: நான் எடுத்ததை என் போர்ட்ஃபோலியோவில் காட்டலாமா? எடுத்து முடித்தபின் கேட்டால் சண்டையில்தான் முடியும். கல்யாணப் போட்டோகிராபியையே தொழிலாகக் கொள்ளப்போகிறவர், பத்துக் கல்யாணத்தில் பொறுக்கிய இருபது படங்களைக் காட்டுவதைவிட ஒரே கல்யாணத்தை நலங்கிலிருந்து மண்டபம் காலி செய்வதுவரை முழுதாகக் காட்டுவது மேல். வேலை கொடுக்கிறவர் பார்க்க விரும்புவது அதைத்தான்.

பறவை, விலங்கு

சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கிட் லென்ஸில் நடக்காது. தூரத்தில் இருப்பதைக் கிட்டத்தில் காட்டுகிற டெலி லென்ஸ் வேண்டும், அதன் விலை உங்கள் பாடியின் விலையைத் தாண்டும். வேடந்தாங்கலில் நவம்பர் முதல் மார்ச் வரைதான் சீசன், அது உங்கள் செமஸ்டரோடு பொருந்த வேண்டும். முக்கியமான ஈரநிலங்களுக்கான சர்வதேச ராம்சார் பட்டியலில் 2022ல் சேர்ந்த பள்ளிக்கரணை சென்னைக்குள்ளேயே இருப்பது ஒரு வசதி.

ஏற்கெனவே பறவை பார்க்கும் பழக்கம் உள்ளவருக்கு மட்டும் நான் இதைத் தடுக்க மாட்டேன். இயற்கையாளர் மா. கிருஷ்ணனை நினைத்துக்கொள்கிறேன். மயிலாப்பூரில் வாழ்ந்து 1996ல் மறைந்தவர். வெவ்வேறு கேமராக்களின் பாகங்களைச் சேர்த்துத் தானே ஒட்டிய கருவிக்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று பெயர் வைத்துக்கொண்டு, கறுப்பு வெள்ளையிலேயே யானைகளை எடுத்தார். 1950ல் தொடங்கி சாகும்வரை இயற்கையைப் பற்றி ஒரு பத்தி எழுதினார். அவருடைய படங்களுக்கு ஒரு சாயல் இருந்தது என்றால் அது அந்தக் கருவியிலிருந்து வந்ததல்ல. அவருக்கு யானையைத் தெரியும். லென்ஸ் வாங்கியபின் பறவையில் ஆர்வம் வரும் என்று நம்பிக் கடன் வாங்குகிறவர்களைப் பார்த்தால்தான் பயமாக இருக்கிறது.

பக்கத்துத் தெரு

கடைசியில் வைத்திருப்பதிலிருந்தே என் சாய்வு தெரிந்திருக்கும். வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில், உங்களை உள்ளே விடுகிற ஒரு மனிதர், ஒரு வீடு, ஒரு தொழில். அதை மட்டும் ஆறு மாதம் எடுப்பது.

கேட்க அலுப்பாக இருக்கும். தெருமுனை இஸ்திரி வண்டியில் என்ன இருக்கிறது என்பார்கள். முதல் நாள் போனால் ஒன்றும் இருக்காது, உண்மை. இஸ்திரிக்காரர் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு, பெட்டியைப் பிடித்தபடி நிமிர்ந்து நின்று உங்களைப் பார்ப்பார். எடுங்கள், பிரிண்ட் போட்டுக் கொண்டுபோய்க் கொடுங்கள். நாலைந்து தடவை போனபின் அவருக்கு நீங்கள் வேடிக்கைப் பொருள் இல்லாமல் போய்விடுவீர்கள். அதன்பின் பெட்டியைத் திறந்து கரியைக் கிளறுவார். நீர் தெளித்த வேட்டியில் பெட்டி படும்போது எழுகிற ஆவி, நாலு மணி வெயில் குறுக்கே வருகிற பக்கத்திலிருந்து பார்த்தால் மட்டும் தெரியும், எதிர்ப்பக்கம் நின்றால் தெரியாது என்பது உங்களுக்குப் பிடிபடும். எந்த வீட்டு மூட்டைக்கு எந்த நிறத் துணி, எந்த அம்மா பாக்கி வைப்பார், மழை வந்தால் தார்ப்பாயை யார் பிடிப்பார் என்றெல்லாம் தெரிய வரும். எங்கே நிற்பது, எப்போது போவது, எதை விடுவது என்று நீங்களாக முடிவு செய்யத் தொடங்குவது இந்தக் கட்டத்தில்தான். ஸ்டைல் என்று வெளியே இருந்து பார்ப்பவர்கள் சொல்வது இந்த முடிவுகளின் மொத்தத்தை.

காசிமேட்டையே இப்படி எடுக்கலாம். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை ஏலத்தில் மீனைவிடக் கேமரா அதிகம். ஆனால் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அப்போது கேமராக்காரர்கள் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. படகுக்குப் பெயிண்ட் அடிக்கிறார்கள், எஞ்சினைப் பிரித்துப் போட்டிருக்கிறார்கள், வலை கோக்கிறார்கள், கடன் பேசுகிறார்கள். எல்லாரும் விட்டுவிட்டுப் போன அந்த இரண்டு மாதம் முழுக்க உங்களுக்கு.

இப்படிச் செய்தவர்கள் கண்ணெதிரே இருக்கிறார்கள். தயாநிதா சிங் அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் மாணவியாக இருந்தபோது தபலா மேதை ஜாகிர் உசேனோடு குளிர்காலந்தோறும் கச்சேரி கச்சேரியாகப் பயணம் செய்து எடுத்த படங்கள்தான் 1986ல் அவருடைய முதல் புத்தகமாக வந்தன. 2022ல் போட்டோகிராபிக்கான உலகப் புகழ்பெற்ற ஹாசல்பிளாட் விருது பெற்ற முதல் இந்தியர் அவர். நம் பக்கத்தில் எம். பழனிகுமார். மதுரைப் பக்கத்துக்காரர், மீன் விற்ற அம்மாவின் மகன். அந்த அம்மாவையே எடுத்திருக்கிறார். மலக்குழியில் இறங்கி இறந்தவர்களின் குடும்பங்களையும், கடலில் பாசி எடுக்கிற ராமநாதபுரத்துப் பெண்களையும் எடுத்திருக்கிறார். கிராமப்புற வாழ்க்கையைப் பதிவு செய்கிற பாரி (PARI) இணையதளத்தில் எல்லாம் பார்க்கக் கிடைக்கின்றன. அவர் படங்களில் ஆட்கள் கேமராவைப் பார்க்கிற பார்வையை மட்டும் கவனியுங்கள். வெளியாளைப் பார்க்கிற பார்வை அது இல்லை.

இதிலும் இடர் உண்டு. பாதியில் நீங்கள் எடுக்கிற மனிதர் "வேணாம்பா" என்று சொல்லிவிடலாம், கடை மாறிவிடலாம். மூன்றாவது மாதம் எடுத்ததையே எடுக்கிறோம் என்று தோன்றும், நிச்சயமாகத் தோன்றும். ஒரு மாதம் கேமரா இல்லாமல் போய்வந்தாலும் பரவாயில்லை, போவதை விடக்கூடாது. முக்கியமாக, அவர் வாழ்க்கையை நீங்கள் மார்க்குக்காக எடுக்கிறீர்கள் என்பதை அவரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கல்லூரியில் காட்டப்போகும் படங்களை அவர் முதலில் பார்க்க வேண்டும், வேண்டாம் என்றதை எடுத்துவிட வேண்டும்.

எந்தத் தெரு, எந்த மனிதர்?

இதற்கு விடை பெரும்பாலும் பழைய படங்களிலேயே கிடக்கிறது. போன வருஷம் எடுத்ததில் நூறைப் பொறுக்கி மாக்ஸி சைஸில் பிரிண்ட் போட்டுத் தரையில் பரப்புங்கள். திரையில் பார்த்தால் இது நடக்காது, ஒவ்வொன்றாகத்தான் கண்ணில் படும். போட்டோகிராபி தெரியாத ஒருவரை, அம்மாவையோ தங்கையையோ, கூப்பிட்டு ஒரே மாதிரி இருப்பதையெல்லாம் சேர்த்து வைக்கச் சொல்லுங்கள். தான் போர்ட்ரெய்ட் எடுக்கிறவள் என்று உறுதியாகச் சொன்ன ஒரு மாணவியின் படங்களை இப்படிப் பரப்பியபோது, நல்ல படங்கள் என்று ஒதுங்கிய குவியலில் முகங்களே அதிகம் இல்லை. கொடியில் காய்கிற நைட்டி, எழுந்து போனவரின் குழி விழுந்த மெத்தை, டிவி வெளிச்சத்தில் காலி நாற்காலி. முகங்கள் இருந்த படங்கள் எல்லாம் வேறு யாரோ எடுத்தவைபோல விறைப்பாக இருந்தன. ஆள் இல்லாத அறையில் ஆளைக் காட்டத் தெரிந்தவள் என்று அவளுக்கே அப்போதுதான் தெரிந்தது. பாட்டி மறைந்தபின் பூட்டிக் கிடந்த வீட்டை எடுக்கத் தொடங்கினாள்.

இன்னொரு சாட்சி கேமராவே எழுதி வைக்கிற தகவல். படங்களை அடுக்கித் திருத்துகிற லைட்ரூம் மென்பொருளில் மெட்டாடேட்டா ஃபில்டரைத் திறந்தால் எந்த ஃபோகல் லெங்த்தில் (லென்ஸின் எம்.எம். எண்) எத்தனை படம் என்று பிரித்துக் காட்டிவிடும். நீங்கள் விரும்புவதாகச் சொல்கிற தூரமும் உண்மையில் நிற்கிற தூரமும் ஒன்றா என்று அங்கே தெரிந்துவிடும்.

கறுப்பு வெள்ளையா, கலரா?

மாணவர்கள் இதைத்தான் ஸ்டைல் என்று நினைத்து முதலில் முடிவு செய்கிறார்கள், கடைசியில் செய்ய வேண்டிய முடிவு இது. கலரில் சரியாக வராத படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கிக் காப்பாற்றப் பார்ப்பது ஊரறிந்த தந்திரம். பார்க்கிறவருக்கும் அது தெரியும். போட்டோகிராபர் ரகுபீர் சிங், கறுப்பு வெள்ளைதான் கலை என்று உலகமே சொன்ன காலத்தில் இந்தியாவைக் கலரில்தான் எடுக்க முடியும் என்று 1999ல் சாகும்வரை விடாப்பிடியாக நின்றார். அவர் படங்களில் கலரை எடுத்துவிட்டால் படமே குலைந்துவிடும். உங்கள் படத்தில் அப்படிக் குலைகிறதா என்று பாருங்கள். குலையாவிட்டால் இரண்டுமே ஒன்றுதான், பிடித்ததை வைத்துக்கொள்ளலாம். ரா ஃபைலில் (கேமரா பிடித்த தகவலை அப்படியே வைக்கிற ஃபைல்) எடுத்து, கேமராத் திரையை மட்டும் மோனோக்ரோமில் வைத்துக்கொண்டால் வெளிச்சத்தைப் பார்த்துப் பழகலாம், கலரும் ஃபைலில் பத்திரமாக இருக்கும். ஒரே கிளிக்கில் படத்தின் நிறத்தை மாற்றுகிற பிரீசெட் வாங்குவதைப் பற்றிப் பேச எனக்குப் பொறுமை இல்லை.

லென்ஸ்

"சார், அப்போ எந்த லென்ஸ் வாங்கலாம்?" இதைக் கேட்காமல் யாரும் எழுந்து போனதில்லை. இரண்டு மாதம் கிட் லென்ஸிலேயே எடுத்துவிட்டு, மேலே சொன்ன மெட்டாடேட்டாவைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். பெரும்பாலானவை 30க்கும் 40க்கும் நடுவில் இருந்தால் 35 எம்.எம். எஃப் 1.8 வாங்கலாம். கிராப் சென்சாரில் அது பழைய ஃபிலிம் கேமராவின் 50 எம்.எம். பார்வையைத் தரும், சாயங்கால வெளிச்சத்திலும் கை கொடுக்கும். 50 எம்.எம். லென்ஸோ கிராப் சென்சாரில் இன்னும் குறுகலாகக் காட்டும், மலிவாகக் கிடைக்கிறதே என்று அதை வாங்குகிறவர்கள் பத்துக்குப் பத்து அறைக்குள் போனதும் சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு நிற்பார்கள். பெரும்பாலானவை 18ல் இருந்தால் ஒன்றும் வாங்காதீர்கள், அந்தக் காசு பிரிண்டுக்கு ஆகும். செகண்ட் ஹேண்டில் வாங்குவதாக இருந்தால் லென்ஸின் பின்பக்கமிருந்து செல்போன் டார்ச் அடித்துப் பாருங்கள். சென்னை ஈரக்காற்றில் அலமாரியில் பூட்டிக் கிடந்த லென்ஸ் என்றால் உள்ளே சிலந்தி வலை மாதிரி பூஞ்சை ஓடியிருக்கும்.